லிஸ்பன்காரர்கள் விழுங்கிய உயிரெழுத்துகள்: போர்த்துகீசியத்தின் தாளம் மாறியதைக் காதால் பிடிப்பது எப்படி?

பிரேசில் போர்த்துகீசியத்தைச் செயலியில் ஒன்றரை வருடம் படித்துவிட்டு, ‘இனி சமாளித்துவிடலாம்’ என்ற தைரியத்தில் லிஸ்பன் போய் இறங்கியவன் நான். முதல் நாள் காலை, காபிக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்ற அம்மா என்னைப் பார்த்து "ஃபஷவோர்" என்றார். ஏதோ ரஷ்ய வார்த்தை மாதிரிக் காதில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது, அது "ஃபாஸ் ஃபவோர்", அதாவது ‘சொல்லுங்க, என்ன வேணும்’ என்று கேட்கிற, முதல் வாரப் பாடத்திலேயே நான் படித்து டிக் அடித்த சொல்.

இந்த அடி வாங்கிய எல்லோரும் அப்புறம் கேட்கிற கேள்வி, "பிரேசில்காரர்கள் மட்டும் ஏன் இப்படி விரித்து விரித்துப் பேசுகிறார்கள்?" என்பதுதான். கேள்வியே தலைகீழ். இந்த ஒரு விஷயத்தில், உயிரெழுத்துகளை விழுங்காமல் விரித்துப் பேசுவதுதான் பழசு. கடல் கடந்து போனவர்கள் அதைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டார்கள், வீட்டில் இருந்தவர்கள்தான் மாற்றிக்கொண்டார்கள். இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். ஒரு போன், ஒரு இயர்போன், ஒரு தாள் இருந்தால் போதும், மொழியியல் ஒன்றும் தெரிய வேண்டாம், போர்த்துகீசியம்கூடத் தெரிய வேண்டாம், நீங்களே கேட்டுப் பார்த்துவிடலாம்.

முதல் படி: விரல் விட்டு எண்ணப் பழகுங்கள், அதுவும் தமிழில்

ஒரு உயிரொலிக்கு ஒரு விரல். இங்கே அசை என்று நான் சொல்வது இதைத்தான், யாப்பில் வரும் நேரசை நிரையசையை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

‘இருக்கிறது’ என்று எழுதுகிறோம், இ-ருக்-கி-ற-து, ஐந்து விரல். பேசும்போது ‘இருக்கு’, மூன்று. ‘வருகிறான்’ நான்கு, ‘வர்றான்’ இரண்டு. அவசியமில்லாத அசைகளைப் பேச்சு எப்படிக் கழற்றிவிடுகிறது என்பது உங்கள் வாயிலேயே இருக்கிறது. உயிரைச் சுருக்கி ஒலிப்பது நமக்குப் புதிதும் இல்லை. சொல்லின் கடைசியில் வரும் உகரத்துக்கு ஒரு மாத்திரை இல்லை, அரை மாத்திரைதான் என்று குற்றியலுகரத்துக்குத் தொல்காப்பியம் கணக்கே வைத்திருக்கிறது. லிஸ்பனில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான், என்ன, அங்கே கடைசி எழுத்தோடு நிற்காமல் சொல் முழுக்கப் பரவிவிட்டது.

இதைத் தேடப் போனால் ஒரு பழைய கதை உங்கள் வழியில் குறுக்கே வரும். 1940இல் லாய்ட் ஜேம்ஸ் என்பவர் சில மொழிகள் இயந்திரத் துப்பாக்கி மாதிரி ஒரே சீராகச் சுடுகின்றன, சில மொழிகள் மோர்ஸ் தந்தி மாதிரி நீட்டியும் குறுக்கியும் அடிக்கின்றன என்றார். அதிலிருந்து கிளம்பி, அசைகள் சம இடைவெளியில் விழும் மொழி, அழுத்தங்கள் சம இடைவெளியில் விழும் மொழி என்று உலகத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். அளந்து பார்த்தபோது எந்த மொழியும் அவ்வளவு சுத்தமாகக் கடிகாரம் பார்த்து ஓடவில்லை. 2002இல் கிரேப், லோ என்ற இருவர் 18 மொழிகளை அளந்தார்கள், அதில் தமிழும் உண்டு, ஆனால் மொழிக்கு ஒரே ஒரு பேச்சாளர், அதனால் அதை வைத்து ரொம்ப ஆடவும் முடியாது. ஆகவே ‘போர்ச்சுகல் தந்தி, பிரேசில் துப்பாக்கி’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எத்தனை உயிர் காதில் விழுகிறது, எத்தனை விழவில்லை, இது ஒன்றே நமக்குப் போதும்.

இரண்டாம் படி: ஒரே சொல், இரண்டு வாய்

உச்சரிப்புகளை நாட்டுப் பெயரோடு பதிந்து வைத்திருக்கும் ஃபோர்வோ (Forvo) தளத்துக்குப் போய் இந்தச் சொற்களைத் தேடுங்கள். பார்க்காமல் கேளுங்கள், விரல் விடுங்கள்.

- தொலைபேசி (telefone): பிரேசிலில் தெ-லெ-ஃபோ-னி, நான்கு. லிஸ்பனில் வேகமாகச் சொன்னால் த்ல்ஃபோன், ஒன்றேதான் தெளிவாகத் தேறும்.
- சின்னது (pequeno): பிரேசிலில் பெ-கே-நு. லிஸ்பனில் ப்கே-நு.
- பையன் (menino): பிரேசிலில் மெ-நீ-நு. லிஸ்பனில் ம்நீ-நு.
- வேறானது (diferente): பிரேசிலில் ஜி-ஃபெ-ரென்-சி. லிஸ்பனில் தி-ஃப்ரென்த்.

நாலு சொல் கேட்டதுமே விதி பிடிபட்டுவிடும். ஒவ்வொரு சொல்லிலும் ஒரு அசைக்கு அழுத்தம் உண்டு, அந்த உயிருக்கு ஆபத்தில்லை. மற்றவை எல்லாம் திறந்த வெளியில் நிற்கின்றன. அழுத்தமில்லாத ஒகரம் உகரமாகிவிடும், அகரம் மெலிந்துவிடும், எகரம்தான் பாவம், கிட்டத்தட்ட மூச்சாகக் கரைந்து போய்விடும். எகரம் போன இடத்தில் மெய்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும், அந்த முட்டல்தான் எனக்கு ரஷ்யம் மாதிரிக் கேட்டது.

இப்போது எதிர்ப்பக்கம். மெய்கள் முட்டும் சொற்களைப் பிரேசில்காரர் வாயில் கேளுங்கள். வக்கீலுக்கான சொல்லில் (advogado) எழுத்துப்படி த், வ் இரண்டும் சேர்ந்து நிற்கும், லிஸ்பனில் அத்-வு-கா-து. பிரேசிலில் நடுவில் ஒரு இகரத்தைச் சொருகி அ-ஜி-வொ-கா-து என்பார்கள். டயர் (pneu) லிஸ்பனில் ப்நேவ், பிரேசிலில் பி-நேவ். ஃபேஸ்புக் அங்கே ஃபேய்-சி-பு-கி. பஸ்ஸு, லைட்டு, இஸ்கூல் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது சொந்தக்காரர் வீடு மாதிரி இருக்கும்.

ஆக ஒரு ஊர் உயிரைக் கழிக்கிறது, இன்னொரு ஊர் கூட்டுகிறது. ‘பிரேசில் 16ஆம் நூற்றாண்டிலேயே உறைந்து நிற்கிறது’ என்று கதை விடுகிறவர்களை அதனால்தான் நம்பக் கூடாது என்கிறேன். பழசை வைத்துக்கொண்டது உண்மை, அதன்மேல் சொந்தமாகக் கட்டிக்கொண்டதும் உண்மை.

ஒரு எச்சரிக்கை. பாட்டில் தொடங்காதீர்கள். பேச்சில் காணாமல் போன உயிர்கள் மெட்டுக்கு இடம் நிரப்ப அடிக்கடி திரும்பி வந்துவிடும், உங்கள் கணக்கு கெட்டுப் போகும். செய்தி வாசிப்பவர்களும் முதலில் வேண்டாம், ரொம்ப நிதானம். கால்பந்து முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே பேட்டி கொடுக்கும் ஆட்டக்காரர்தான் நல்ல மாதிரி.

மூன்றாம் படி: 1572ஆம் வருடத்து வரியை அலகிடுங்கள்

எது பழசு என்று காட்டும் சாட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கமோயின்ஸ் எழுதிய ‘லூசியாதாஸ்’ காவியம் 1572இல் அச்சானது. வரிக்குப் பத்து அசை, கடைசி அழுத்தம் வரைக்கும்தான் எண்ண வேண்டும், அதற்குப் பின்னால் தொங்குவது கணக்கில் வராது. முதல் பாட்டின் மூன்றாம் வரியை எழுத்துப்படி இப்படிப் பிரிக்கலாம்:

போர் / மா / ரெஸ் / நுன் / க / தான் / தெஸ் / ந / வெ / கா / (தொஸ்)

‘இதற்கு முன் எவரும் கலம் செலுத்தாத கடல்கள் வழியே’ என்று பொருள். பத்து அசை, அச்சு அசலாக. பிரேசில்காரர் ஒருவர் இதைச் சாதாரணமாகப் படித்தாலே பத்தும் வந்துவிடும். லிஸ்பன்காரர் கவிதை என்ற நினைப்பே இல்லாமல் பேச்சு வாக்கில் படித்தால்?

போர் / மார்ஜ் / நுன் / க / தான்த்ஜ் / நவ் / கா / (துஷ்)

ஏழு. மூன்று அசை கடலில் போய்விட்டது. இப்படி மூன்றை விழுங்குகிற வாயோடு ஒருவர் அந்த அளவில் ஆயிரக்கணக்கான வரிகள் கட்டியிருப்பார் என்று நம்புவது கஷ்டம்.

சரி, இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. பேச்சில் செத்துப்போன ஒலியைச் செய்யுள் காப்பாற்றி வைத்திருக்கலாமே? பிரெஞ்சுக் கவிதை அப்படித்தான், பேச்சில் வாய் திறக்காத எகரத்தை வரிக்குள் எண்ணிக்கொண்டே இருக்கும். நம்மிடம் நேர்மாறாக ஒன்று உண்டு. ‘குழலினிது யாழினிது’ என்ற குறளைச் சீர் பிரித்தால் ‘குழலினி தியாழினி’ என்று வரும், அந்தத் தி குற்றியலிகரம், எழுத்தில் நிற்கும், அலகிடும்போது தளை கெடாமல் இருக்க அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எழுதுவது, எண்ணுவது, ஒலிப்பது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எனவே கமோயின்ஸ் ஒருவரை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. இன்னும் சாட்சி வேண்டும்.

நான்காம் படி: விழுங்கப்பட மறுக்கும் சொற்களைத் தேடுங்கள்

இது கொஞ்சம் நுணுக்கம், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

லிஸ்பனில் ‘ஆணி அடித்தல்’, ‘பிரசங்கம் செய்தல்’ இரண்டுக்கும் எழுத்தில் ஒரே சொல். காதில் வேறு. ஆணி அடிப்பது ப்ர்-கார், எகரம் கரைந்துவிட்டது. பிரசங்கம் ப்ரெ-கார், எகரம் வாயைத் திறந்துகொண்டு தெளிவாக நிற்கிறது. அழுத்தம் இரண்டிலும் கடைசி அசையில்தான். அப்படியானால் விதிப்படி இந்த இரண்டாவது எகரமும் செத்திருக்க வேண்டுமே, எப்படித் தப்பியது?

அது ஒரு எகரம் இல்லை, ஒரு காலத்தில் இரண்டு. லத்தீனில் இருந்த சொல் நடுவில் மெய் உதிர்ந்து, இடைக்காலத்தில் ப்ரெ-எ-கார் என்று இரண்டு உயிர் அடுத்தடுத்து நிற்கிற நிலைக்கு வந்தது. பிறகு அவை ஒட்டி ஒன்றாயின. ஒட்டியதால் கனம் கூடியது, கனம் கூடியதால் பின்னால் வந்த சுருக்கும் அலை அதைத் தொடவில்லை. ரொட்டி சுடுகிறவரைக் குறிக்கும் பா-தய்-ரு (padeiro) என்ற சொல்லில் முதல் அகரம் தெளிவாக நிற்பதும் இதனால்தான், பழைய வடிவம் பா-அ-தெய்-ரொ. நாற்காலிக்கான கதய்-ரா (cadeira) என்ற சொல்லோடு அதை வைத்துக் கேளுங்கள், இதில் அப்படி ஒட்டிய உயிர் எதுவும் இல்லை, அதனால் முதல் உயிர் மெலிந்துவிட்டது.

இதற்குள் ஒரு காலவரிசை ஒளிந்திருக்கிறது. முதலில் உயிர்கள் ஒட்டின, பிறகுதான் ஒட்டாதவை சுருங்கின. முந்தியது இடைக்காலத்து வேலை. அப்போதே மொழி நிறைய அசைகளை இழந்திருக்கிறது: வலிக்கான லத்தீன் சொல் தொலோர், நடுவில் இருந்த லகரம் உதிர்ந்து தொ-ஒர், பிறகு வெறும் தோர். நிறத்துக்கான சொல்லும் அதே பாதையில் கொலோர், கொ-ஒர், கோர். இதெல்லாம் போர்ச்சுகலுக்கும் பிரேசிலுக்கும் பொது, ஏனென்றால் 1500இல் போர்த்துகீசிய மாலுமி கப்ரால் பிரேசில் கரையைத் தொடுவதற்கு முன்னால் தொடங்கியது. லிஸ்பனுக்கு மட்டும் உரியது இரண்டாவது அலை.

ஐந்தாம் படி: தேதியைப் பிடிக்கப் பாருங்கள், ரொம்ப இறுக்கிப் பிடிக்காதீர்கள்

1536இல் போர்த்துகீசியத்தின் முதல் இலக்கணத்தை எழுதிய ஃபெர்னாவ் த ஒலிவெய்ரா, நாம் நிலைகொண்ட மனிதர்களைப் போல மிகுந்த நிதானத்தோடு பேசுகிறோம் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இன்றைய லிஸ்பன் பேருந்தில் உட்கார்ந்து அதைப் படித்தால் சிரிப்பு வரும். தன் மொழியைப் பற்றி எல்லா இலக்கணக்காரரும் இப்படித்தான் சொல்வார்கள், அது ஒலிப்பதிவுக்குச் சமம் இல்லை என்றாலும், குறித்து வைத்துக்கொள்ளலாம்.

மறுமுனையில் 1883. கொன்சால்வெஸ் வியானா என்ற லிஸ்பன் ஒலியியல் அறிஞர் தன் ஊர்ப் பேச்சை ஒலி ஒலியாகப் பிரித்துப் பிரெஞ்சில் கட்டுரை எழுதினார், அதில் இன்றைய மெலிந்த எகரம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஆக மாற்றம் இந்த இரண்டுக்கும் நடுவில். எப்போது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை ஓயவில்லை. 18ஆம் நூற்றாண்டு என்று ஒரு கட்சி, அதற்கு வெகுகாலம் முன்பே வேர் விட்டுவிட்டது என்று இன்னொரு கட்சி. ஒலி மெதுவாக மாறும், ஒரே தெருவில் தாத்தா ஒரு மாதிரியும் பேத்தி ஒரு மாதிரியும் பேசுவார்கள், அதனால் ஒற்றைத் தேதி கேட்பவர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது.

ஆறாம் படி: ‘எனக்கு’ எங்கே உட்கார்கிறது என்று பாருங்கள்

தாளத்தைத் தேடி வந்தவரை இலக்கணத்துக்குள் தள்ளுகிறேன் என்று நினைக்காதீர்கள், இந்த ஆராய்ச்சியின் சுவாரசியமான பகுதியே இதுதான்.

‘அவர் எனக்குச் சொன்னார்’ என்பதைப் பிரேசிலில் ‘அவர்–எனக்கு–சொன்னார்’ என்ற வரிசையில் சொல்வார்கள்: எலி மி ஜிசி. போர்ச்சுகலில் ‘அவர்–சொன்னார்–எனக்கு’: எல் திஸ்-ம். 16, 17ஆம் நூற்றாண்டு நூல்களில் இரண்டு வரிசையும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் இன்று பிரேசிலில் கேட்கிற வரிசைதான். 1700க்குப் பிறகு பிறந்த போர்ச்சுகல் எழுத்தாளர்களிடம் பின்னால் போடுவது ஏறிக்கொண்டே போகிறது. பிரசங்கங்களுக்குப் பேர் போன பாதிரியார் அந்தோனியோ வியெய்ரா 1608இல் பிறந்தவர், ஆனாலும் பின்னால் போடுவதில் ஆசை அதிகம், அவர் எப்போதும் விதிவிலக்காக வந்து நின்று ஆய்வாளர்களின் வரைபடத்தைக் கெடுப்பார்.

இதையெல்லாம் எண்ணிப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், பிரேசிலின் கம்பீனாஸ் பல்கலைக்கழகத்தில் கட்டிய ஒரு பழைய நூல் தொகுப்பு. டைக்கோ பிராஹே என்ற டேனிஷ் வானியலாளரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். மொழியியலாளர் ஷார்லோத் கால்வெஸும் கணிதவியலாளர் அந்தோனியோ கால்வெஸும் முன்வைத்த கருத்து இது: தாளம் மாறியதுதான் சொல்வரிசையை மாற்றியது. ‘மி’ என்பது ‘ம்’ ஆகச் சுருங்கிவிட்டால் அதற்குச் சொந்தக் கால் இல்லை, முன்னால் இருக்கும் வினையின் தோளில்தான் தொங்க வேண்டும். இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை, ஆனால் எனக்கு இது மனசுக்குப் படுகிறது.

அப்புறம் அந்தக் குழு இன்னொரு வேலையும் செய்தது. 1994, 1995 வருடங்களின் செய்தித்தாள் கட்டுரைகளை எடுத்தார்கள், பிரேசிலிலிருந்து ஃபோல்யா, போர்ச்சுகலிலிருந்து பூப்லிகோ. எழுத்துகளையே தூக்கிவிட்டு, ஒவ்வொரு அசைக்கும் ஒரு எண் போட்டார்கள்: அழுத்தமில்லாத அசை 0, அழுத்தமுள்ளது 1, சொல்லின் தொடக்கத்தில் அழுத்தமில்லாமல் வருவது 2, தொடக்கத்திலேயே அழுத்தத்தோடு வருவது 3, வாக்கிய முடிவு 4. வெறும் எண் வரிசை. ஒரு ஒலிகூட இல்லாத அந்த எண்களிலிருந்தே இரண்டு நாட்டுக்கும் வெவ்வேறு வடிவம் வெளியே வந்தது. 2012இல் வெளியானது. வாயால் பேசாமல் கையால் எழுதியதிலும் தாளம் தங்கியிருக்கிறது என்பதை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்களும் பத்து வரியை எடுத்து எண் போட்டுப் பாருங்கள், ஒரு மாலை நேரம் போதும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். ‘எனக்கு ஒரு காபி கொடு’ என்பதைப் பிரேசிலில் ‘எனக்கு’ என்பதிலேயே தொடங்குவார்கள். இது பழசு இல்லை! வாக்கியத்தின் முதல் சொல்லாக அந்தச் சின்னச் சொல்லைப் போடுவதைப் பழைய போர்த்துகீசியம் அனுமதிக்கவில்லை. இது பிரேசில் தானே செய்துகொண்ட மாற்றம்.

ஏழாம் படி: உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

சாவி. மேஸ்திரி. பாதிரி. கிராதி. நான்கும் போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்தவை. நான்கின் மூலச் சொல்லும் எகரத்தில் முடியும். இன்றைய லிஸ்பனில் சாவி வெறும் ‘ஷாவ்’, பாதிரி ‘பாத்ர்’, கிராதி ‘க்ராத்’, மேஸ்திரி ‘மெஷ்த்ர்’. லிஸ்பன் தொலைத்த கடைசி உயிர் நம் வீட்டுக் கொக்கியில் இன்னும் தொங்குகிறது. சாவியின் முதல் ஒலியைக்கூடப் பாருங்கள், இந்தியில் அது ‘ச்சாபி’, வல்லினச் சகரம், லிஸ்பனில் பின்னால்தான் அது ஷகரமாகக் குழைந்தது.

இதை ஆதாரமாகத் தூக்கிப் பிடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் பஸ்ஸை பஸ்ஸு ஆக்கியவர்கள் நாம், மெய்யில் முடியும் சொல்லுக்கு உயிர் ஒட்டுவது நம் பழக்கம், அதனால் அந்த இகரத்தை நாமே போட்டிருக்கவும் முடியும். ஜன்னலோ நேர் எதிர், மூலத்தில் இருந்த கடைசி அகரத்தை நாம்தான் கழற்றிவிட்டோம். துணைச் சாட்சி என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி, விருப்பம் இருந்தால் மட்டும்

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் (Praat) என்ற இலவச மென்பொருளை இறக்கி, ‘தொலைபேசி’ என்ற அதே சொல்லின் இரண்டு பதிவுகளையும் அதில் திறந்து பாருங்கள். உயிரொலி வரும் இடத்தில் கறுப்புப் பட்டைகள் அடர்த்தியாகத் தெரியும். பிரேசில் பதிவில் நான்கு இடத்தில் இருக்கும் பட்டை லிஸ்பன் பதிவில் ஒன்றிரண்டு இடத்தில்தான் இருக்கும், மிச்சமெல்லாம் உரசல் மூடுபனி. தலைக்குள் இருந்த சந்தேகம் கண்ணால் பார்த்ததும் போய்விடும்.

லிஸ்பனோடு நின்றுவிடாமல் அங்கோலா, மொசாம்பிக் பேச்சையும் கேளுங்கள், அங்கே பலர் லிஸ்பன் அளவுக்கு உயிர்களை விழுங்குவதில்லை. இன்னொன்றையும் கவனிப்பீர்கள்: பிரேசில்காரர் பேசினால் போர்ச்சுகல்காரருக்குச் சிரமமில்லாமல் புரியும், மறுபக்கம் அப்படி இல்லை. 1977 முதல் போர்ச்சுகல் வீடுகளில் பிரேசில் தொலைக்காட்சித் தொடர்கள் ஓடிக்கொண்டிருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் உங்களுக்கே தெரியும், விரித்துச் சொன்னதைச் சுருக்கிப் புரிந்துகொள்ளலாம், விழுங்கியதை யார் எடுத்துத் தருவது?

முதல் வாரம் ஒரே சொல்லில் இருங்கள், தொலைபேசி. யாராவது அதைச் சொல்லும் காணொளி கிடைத்தால் நிறுத்தி விரல் விடுங்கள். நான்கு வந்தால் பேசுபவர் அநேகமாகப் பிரேசில். ஒன்றோ இரண்டோ என்றால் போர்ச்சுகல். மூன்று வந்தால் ஒன்று நீங்கள் தப்பாக எண்ணியிருப்பீர்கள், இல்லை, அவர் என்னைப் போன்ற வெளியூர்க்காரரிடம் பொறுமையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.